கே.எஸ். ராஜாவும் காவிரிப் படுகையின் செவியும்

காவிரிப் படுகையின் பண்பாட்டு வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரிய கோயிலில் தொடங்கி, மராட்டியர் அரண்மனை, சரசுவதி மகால், திருவையாற்று ஆராதனை, மெலட்டூர் பாகவத மேளா என்று வந்து, நாகசுரத்தோடும் தவிலோடும் நிறுத்திக்கொள்கிறார்கள். டீக்கடைப் பலகையிலும் சலூன் அலமாரியிலும் வீட்டுத் திண்ணையிலும் இருந்த வானொலிப் பெட்டிக்கு அந்த வரிசையில் இடமில்லை. ஆனால் 1970களில் கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்தில் இளவட்டமாக இருந்தவர்களிடம் இலங்கை வானொலி என்று பேச்செடுத்தால், பேச்சு கே.எஸ். ராஜாவிடம் வந்து சேராமல் போகாது. பாட்டைவிட, பாட்டுக்கு முன்னும் பின்னும் அவர் பேசியதே பலருக்கு நினைவில் நிற்கிறது. இதைப் பழைய நாள் ஏக்கம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அப்படி ஒதுக்குவது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ராஜாவின் நகைச்சுவை தேர்ந்த கைத்திறன். காதால் கேட்டே ரசித்துப் பழகிய ஊர்கள் அந்தத் திறனை அடையாளம் கண்டு கொடுத்த மதிப்புதான் இன்றும் தொடரும் அந்த நினைவு.

அந்தக் குரல் இங்கே வந்து சேர்ந்த வழியை முதலில் பார்க்க வேண்டும். கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத்தலைமை தன் வீரர்களுக்காக இலங்கையில் நிறுவிய வலுவான சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. அதன் பலத்தில் 1950இல் வர்த்தக சேவை பிறந்தது. விளம்பரத்தால் வாழும் வானொலிக்கு நேயரைப் பெட்டியருகே பிடித்து வைத்திருப்பதே பிழைப்பு. ஆகவே அறிவிப்பாளரின் தனித்தன்மைக்கு அங்கே இடம் கிடைத்தது. இந்தியில் அமீன் சயானியின் பினாகா கீத்மாலா என்ற திரைப்பாடல் நிகழ்ச்சி 1952இல் தொடங்கி இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் கட்டிப்போட்டது. தமிழில் எஸ்.பி. மயில்வாகனம் அந்த வழியைத் திறந்தார். அவருக்குப் பின் வந்த வரிசையில் ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரோடு சேர்த்து எண்ணப்படுபவர் யாழ்ப்பாணத்துக்காரரான ஸ்ரீஸ்கந்தராஜா என்ற கே.எஸ். ராஜா. அவர் புகழின் உச்சியில் இருந்த காலத்தில் அந்த நிலையத்தின் பெயர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று மாறியிருந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு அது எப்போதும் 'சிலோன் ரேடியோ'தான்.

தஞ்சாவூரிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் 400 கிலோமீட்டருக்கு மேல். சென்னை அதைவிடப் பக்கம். இருந்தும் கொழும்புக் குரல் இங்கே தெளிவாகக் கேட்டதில் வியப்பில்லை. சிற்றலை வானில் பட்டுத் திரும்பி வருவதால் தூரம் அதற்குப் பொருட்டல்ல. மத்திய அலை நிலத்தை ஒட்டிப் போகும்போது சீக்கிரம் தேய்ந்துவிடும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கடல் மீது போகும்போது அவ்வளவு தேய்வதில்லை. டெல்டாவுக்கும் இலங்கைக்கும் இடையே கிடப்பது பெரும்பாலும் கடல். கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத் தீபகற்பத்துக்கும் இடையில் உள்ள தூரம் கோடியக்கரைக்கும் தஞ்சாவூருக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவு. இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி 1982இல் வந்தபோதும், கரையோர ஊர்களில் வீட்டுக் கூரை மேல் உயரக் குழாய் நட்டு ஆன்டெனாவைத் தெற்கே திருப்பி வைத்ததற்குக் காரணம் இந்த நெருக்கமே.

இங்கே முதல் மறுப்பு எழும். வேறு வழியில்லாததால்தானே கேட்டார்கள் என்று சொல்வார்கள். இதில் பாதி உண்மை உண்டு. 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், செவ்வியல் இசையை வளர்க்க வேண்டும் என்ற எண்ணத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை வெகுவாகக் கட்டுப்படுத்தினார். பாட்டுக்கு ஏங்கியவர்கள் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். 1950களின் நேயர் கூட்டத்துக்கு இந்த விளக்கம் பொருந்தும். ராஜாவுக்குப் பொருந்தாது. அகில இந்திய வானொலியே திரைப்பாடல்களுக்கென விவித பாரதியை 1957இல் தொடங்கிவிட்டது. 1967இல் பம்பாயில் ஆரம்பித்து அதில் விளம்பரங்களும் வந்தன. ராஜாவின் காலம் 1970கள். அதற்குள் பாட்டுக்குப் பஞ்சம் தீர்ந்துவிட்டது. சினிமாக் கொட்டகை இல்லாத சிற்றூர்களுக்கும் டூரிங் டாக்கீஸ் வந்து போனது. அதே பாட்டை உள்நாட்டு நிலையத்தில் இரைச்சல் இல்லாமல் கேட்க முடிந்த காலத்தில், கரகரக்கும் அலைவரிசையில் ஒருவர் குரலுக்காகக் காத்திருந்தார்கள் என்றால் அந்தக் குரலில் சரக்கு இருந்திருக்க வேண்டும்.

இதைவிட வலுவான சான்று ஒன்று உண்டு. ராஜாவுக்குப் பெரும்பெயர் வாங்கித் தந்த நிகழ்ச்சி 'திரைவிருந்து'. அது திரைப்பட விளம்பரம். விளம்பரம் செய்யப்பட்ட படங்கள் ஓடியது கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த தியேட்டர்களில். திருத்துறைப்பூண்டியில் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அந்தத் தியேட்டருக்குப் போகும் வாய்ப்பே கிடையாது. படத்தையும் அவர் இங்கே முன்பே பார்த்து முடித்திருப்பார். வாங்க முடியாத சரக்கின் விளம்பரத்தை ஒருவர் வாரந்தோறும் உட்கார்ந்து கேட்டார் என்றால், அவர் கேட்டது விளம்பரத்தை அல்ல. கலைக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

அந்தக் கலை இயங்கிய விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். கையில் இருப்பவை படத்தின் ஒலிநாடாவிலிருந்து எடுத்த வசனத் துண்டுகள், பாட்டு வரிகள், ஒரு ஒலிவாங்கி, ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். சாதாரண அறிவிப்பாளர் கதைச்சுருக்கம் சொல்லி, நடிகர் பெயர்களைப் படித்து, நடுவில் வசனத்தைப் போட்டு முடிப்பார். ராஜா படத்துக்குள்ளேயே நுழைந்து பாத்திரங்களோடு பேசினார். அவர் ஒரு கேள்வி கேட்பார். படத்தில் வேறு யாரிடமோ வேறு எதற்கோ சொன்ன வசனம் அதற்குப் பதிலாக வந்து விழும். உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: வாங்கிய கடனை எப்போது திருப்பித் தருவதாக உத்தேசம் என்று அறிவிப்பாளர் கதாநாயகனைக் கேட்கிறார், காதலியிடம் நாளை சந்திப்போம் என்று நாயகன் சொன்ன வசனம் பதிலாக ஒலிக்கிறது, நேற்றும் இதையேதானே சொன்னீர்கள் என்று அறிவிப்பாளர் மடக்குகிறார். காதல் வசனம் கடன்காரனின் சாக்காகிவிடுகிறது. இதற்குப் படம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். எந்தத் துண்டு எந்தக் கேள்விக்குப் பொருந்தும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும். கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் ஒரு நொடி கூடினாலும் சிரிப்பு செத்துவிடும். மடை திறந்தாற்போல் பேசுகிறவர் என்றுதான் ராஜாவைச் சொல்வார்கள். அந்த வேகத்துக்குக் காரணம் அவசரம் அல்ல. வேகமாக வந்து சட்டென்று நிறுத்தும்போது நேயர் அடுத்த குரலுக்குக் காதைத் தீட்டிக்கொள்கிறார். அந்த இடத்தில் பதில் விழுகிறது. எங்கே சிரிக்க வேண்டும் என்று இதில் யாரும் சொல்லித்தருவதில்லை. வசனத்தின் பழைய பொருளையும் புதிய பொருளையும் நேயரே சேர்த்துப் பார்த்தால்தான் சிரிப்பு வரும். கேட்பவர் கெட்டிக்காரர் என்ற நம்பிக்கை இல்லாமல் இப்படி ஒரு நிகழ்ச்சியைச் செய்ய முடியாது. 'உங்கள் அன்பு அறிவிப்பாளர்' என்று அவர் தன்னைச் சொல்லிக்கொண்டபோது அதில் இருந்த உரிமை இந்த நம்பிக்கையிலிருந்து வந்தது.

டெல்டாவில் அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. இந்த மண்ணில் வாய்ச்சாதுரியத்தைக் காதால் எடைபோடும் பழக்கம் வானொலிக்கு மிகவும் முந்தியது. மராட்டியர் ஆட்சியோடு தஞ்சைக்கு வந்த லாவணி அதற்கு நல்ல சாட்சி. காமன் பண்டிகையில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு அணி பிரிந்து, டேப் என்ற தோல்கருவியைத் தட்டிக்கொண்டு கேள்வியும் பதிலுமாகப் பாடும். சிவன் பார்வையில் மன்மதன் எரிந்தானா இல்லையா என்பது விவாதம். எதிர்க்கட்சி பாடிய அடியைப் பிடித்தே அதை மடக்குவது திறமை. எதிராளியின் சொல்லுக்கு வேறு பொருள் ஏற்றித் திருப்பி அடிப்பவனுக்குக் கைத்தட்டல். ராஜா வசனத் துண்டுகளை வைத்துச் செய்ததும் இதே வேலை. கதாகாலட்சேபத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் 19ஆம் நூற்றாண்டில் மராட்டியக் கீர்த்தன மரபைத் தமிழ்நாட்டுக்கு ஏற்ப வடிவமைத்த பிறகு, ஒரே மனிதர் கதை சொல்லி, பாடி, நடுநடுவே ஊர் நடப்பைத் தொட்டுச் சிரிக்கவைத்துவிட்டுக் கதைக்குத் திரும்பும் கலையைக் கோயில் பிராகாரங்களிலும் கல்யாணப் பந்தல்களிலும் இந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டார்கள். விலகிப் போவதும் நேரம் தவறாமல் திரும்பி வருவதும் எவ்வளவு கடினம் என்று அவர்களுக்குத் தெரியும்.

திருநெல்வேலியிலும் மதுரையிலும் ராஜாவுக்கு ரசிகர்கள் இருந்தார்களே, அங்கே லாவணி ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லாவணி கேட்டவர்கள் மட்டுமே ராஜாவை ரசித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. தென்பாண்டி நாட்டுக்கு வில்லுப்பாட்டு இருந்தது. அங்கே உடன்பாடுபவரின் கேள்விக்குப் புலவர் பதில் சொல்லிக் கதையை நகர்த்துவார். ஒவ்வொரு வட்டாரமும் தன் சொந்தப் பழக்கத்தின் வழியே அவரை ஏற்றது என்பது என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. டெல்டாவுக்குக் கூடுதலாக ஒரு நெருக்கமும் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்குத் தஞ்சை மாவட்டத்து நாகசுர, தவில் வித்வான்கள் போய்வந்தார்கள். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலுக்கு இந்தக் கரையில் கிடைத்த மரியாதையை இசை தெரிந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆகவே வானொலியில் வந்த அந்த அழுத்தமான, ஒலி பிசகாத தமிழ் இங்கே அயலாகப் படவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. உழவர் நாட்டுக்கு வானொலி செய்த உண்மையான தொண்டு, 1939 மே 16இல் தொடங்கிய திருச்சி நிலையம் செய்ததுதான்; சினிமா விளம்பரக் கேளிக்கையை அதன் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்பார்கள். திருச்சியின் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஜப்பானிய ரகத்தையும் நம் ரகத்தையும் கலந்து உருவாக்கிய ஏடிடி 27, 1960களின் நடுவில் குறுவைக்கு வந்தபோது, அதைப் பயிரிடும் முறையைத் திருச்சி வானொலி விடாமல் சொல்லிக்கொடுத்தது. தஞ்சை உழவர்கள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். உலகம் முழுக்க வேளாண் ஒலிபரப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டி ஒரு குடும்பம் வைத்திருந்த பெட்டி, நெல்லுக்கு ஒன்று, சிரிப்புக்கு ஒன்று என்று தனித்தனியாக இல்லை. பெட்டியை வாங்கவும், அதற்கு பேட்டரி போடவும், அருகில் உட்காரவும் ஆசையை உண்டாக்கியதில் கொழும்புக்கும் பங்கு உண்டு. அது மட்டுமல்ல: நடவும் களையெடுப்பும் கதிர் அறுப்பும் செய்து களைத்த உடம்புக்குப் பயனுள்ள செய்தி மட்டும் போதும் என்று நினைப்பது, உழைப்பவர்களைக் குறைத்து மதிப்பிடுவது. நுட்பமான நகைச்சுவை அவர்களுக்கும் உரியது. அதை டிக்கெட் கேட்காமல், சாதி பார்த்து உட்காரும் இடம் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தது அலைவரிசை. கோயில் கச்சேரிக்கு எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார முடியாத ஊர்களில், பஞ்சாயத்து வானொலியின் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றவர்கள் ஒரே நேரத்தில் ஒரே சொல்லுக்குச் சிரித்தார்கள்.

விளம்பரம் விளம்பரம்தானே என்று சொல்வோருக்கும் பதில் உண்டு. பிழைப்புக்குச் செய்த வேலை கலையாகாது என்றால், கல்யாண ஊர்வலத்தில் வாசித்த நாகசுரமும் கலையாகாது. கூலி எங்கிருந்து வந்தது என்பதைவிட, கூலிக்கு மேல் என்ன கொடுத்தார் என்பதே ஒரு கலைஞரை எடைபோடும் வழி. படத்துக்குக் கூட்டம் சேர்ப்பது ராஜாவின் கடமை. அந்தப் படத்தை விட்டுத் தனியாக நின்று நினைக்கப்படும் நிகழ்ச்சியை ஆக்கியது அவர் விருப்பம்.

1983 இனக் கலவரமும் அதன்பின் வந்த போரும் அந்தக் காலத்தைக் குலைத்தன. கொடைக்கானல் தொலைக்காட்சி நிலையம் 1987இல் வந்ததும் டெல்டாவின் மாலைப்பொழுது திரைக்கு மாறியது. ராஜா இயற்கையாக இறக்கவில்லை; கொழும்பில் கொலை செய்யப்பட்டார். சிரிக்கவைத்ததைத் தவிர இந்தக் கரைக்கு வேறெதுவும் செய்திராத ஒருவரின் சாவுக்கு இங்கே வருந்தியவர்களின் துயரம் எந்த ஆவணத்திலும் பதிவாகவில்லை.

அந்தக் குரல் முற்றிலும் அழிந்துவிடவில்லை. நேயர்கள் தங்கள் டேப் ரிக்கார்டரில் பிடித்து வைத்த ஒலிப்பதிவுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஆனால் காந்த நாடா நாளுக்கு நாள் பூஞ்சை பிடித்துத் தேய்கிறது. ஓலைச்சுவடிகளைக் காத்த சரசுவதி மகால் இருக்கும் ஊர் தஞ்சாவூர். 1981இல் தமிழுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் எழுந்த ஊரும் இதுவே. கேட்கப்பட்ட கலைகளையும் ஆவணமாக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. டெல்டா வீடுகளில் பரணில் கிடக்கும் கேசட்டுகளைத் தேடித் திரட்டி, எண்முறைக்கு மாற்றி, எந்த நிகழ்ச்சி, எந்த ஆண்டு என்று பட்டியலிட்டு வைக்கும் வேலையைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் எடுத்துச் செய்யலாம். அதைச் செய்தால், காவிரிப் படுகையின் கலை வரலாற்றில் லாவணிப் பாடகருக்கும் காலட்சேப பாகவதருக்கும் அடுத்த வரிசையில், கடலுக்கு அப்பால் இருந்தபடியே இந்த ஊர்களைச் சிரிக்கவைத்த ஒரு அறிவிப்பாளரைச் சான்றோடு உட்காரவைக்க முடியும்.