மிஸ்ஃபயர் கண்டறிதல்

கார் இன்ஜினின் ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது மிஸ்ஃபயர். வண்டி குலுங்கும், இழுவை குறையும். கிராங்க்ஷாஃப்டின் சுழல்வேகத்தில் ஏற்படும் நுண்ணிய தடுமாற்றத்தைக் கொண்டு கணினி இதை உணர்கிறது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமான ஓபிடி-2 முறையில் இதற்கெனக் குறியீடுகள் உண்டு: பி0300 என்றால் குறிப்பிட்ட சிலிண்டர் எனச் சொல்ல இயலாதது, பி0303 என்றால் மூன்றாம் சிலிண்டர்.

குறியீடு இடத்தைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. ஸ்கேனரைப் பார்த்தவுடன் உதிரிபாகம் வாங்குவது வீண்செலவு. சிலிண்டருக்கொரு காயில் உள்ள இன்ஜினில் எளிய சோதனை ஒன்று உண்டு. பி0303 வந்தால், மூன்றாம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை இரண்டாவதில் மாற்றிப் பொருத்தி ஓட்ட வேண்டும். குறியீடு பி0302 ஆக மாறினால் காயில்தான் பழுது. மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், காற்றுக் கசிவு எனத் தேட வேண்டும். கம்ப்ரஷன் குறைந்திருந்தால் வால்வு அல்லது பிஸ்டன் ரிங் மீது சந்தேகம் திரும்பும்.

செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் உடனே வேகத்தைக் குறைத்து வண்டியை ஓரங்கட்ட வேண்டும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் சேர்ந்து எரிந்து, விலையுயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை உருக்கிவிடும்.