வெள்ளி வாங்கிய கர்னலும் இணையமும்

2004 ஆகஸ்ட் 17 அன்று, ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராணுவ மேஜர் ஒருவர் துப்பாக்கி சுடுவதில் வெள்ளி வாங்கியதாகச் செய்தி வந்தது. ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் என்ற பெயர் நம்மில் பலருக்கு அன்று வாயில் நுழையவில்லை. சுதந்திர இந்தியாவில் தனி ஆளாக ஒலிம்பிக் வெள்ளி வாங்கிய முதல் மனிதர் அவர்தான். அதற்கு முன் ஜாதவ், பயஸ், மல்லேஸ்வரி மூவருக்கும் கிடைத்தது வெண்கலம்.

அவர் ஆடிய 'டபுள் டிராப்' பொல்லாத ஆட்டம். இரண்டு களிமண் தட்டுகள் ஒரே நேரத்தில் பறக்கும். இரண்டையும் சுட்டு உடைக்க வேண்டும். 200 தட்டுகளில் 179ஐ உடைத்தார். (2016க்குப் பிறகு ஒலிம்பிக்கில் அந்த ஆட்டமே இல்லை.)

2013இல் கர்னலாக ஓய்வு பெற்று பா.ஜ.க.வில் சேர்ந்தார். 2014இல் ஜெய்ப்பூர் ஊரகத் தொகுதி எம்.பி., அதே ஆண்டு தகவல் ஒலிபரப்புத் துறை இணை அமைச்சர். 2018 மே மாதம் அந்தத் துறை தனிப் பொறுப்பாகவே அவர் கைக்கு வந்தது. விளையாட்டுத் துறை ஏற்கனவே அவரிடம்தான்.

மே 22ஆம் தேதி, அலுவலகத்திலேயே தண்டால் எடுத்து, அதை ட்விட்டரில் போட்டு, விராட் கோலிக்குச் சவால் விட்டார். நாடே பார்த்தது. அதே நாளில்தான் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 உயிர்கள் போயின. மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மாவட்டங்களில் ஐந்து நாள் இணையத்தை நிறுத்த நமது மாநில உள்துறை உத்தரவிட்டது. தீபத்தன்று கிரிவலப் பாதையில் சிக்னல் இல்லாமல் பிள்ளைகளைத் தேடித் தவித்தவர்களுக்கு அந்த மாவட்டத்து மக்களின் பதைப்பு புரியும். அதற்கும் ராத்தோருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இரண்டு செய்திகளும் ஒரே வாரத்தில் வந்தவை என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

அவர் துறையில் இன்னொரு விவகாரமும் இருந்தது. சமூக வலைத்தளங்களில் யார் என்ன பேசுகிறார்கள் என்று கவனிக்க ஒரு மையம், மாவட்டந்தோறும் ஒப்பந்த ஆட்கள் என்று திட்டம். அவர் தனிப் பொறுப்புக்கு வருமுன்னே டெண்டர் விட்டாயிற்று. மேற்கு வங்க எம்.எல்.ஏ.வாக இருந்த மஹுவா மொய்த்ரா உச்ச நீதிமன்றம் போனார். இது கண்காணிப்பு அரசை உருவாக்குவது போல இருக்கிறதே என்று ஜூலையில் நீதிபதிகள் கேட்டார்கள். ஆகஸ்ட் 3ஆம் தேதி அரசு திட்டத்தை வாபஸ் வாங்கியது. பின்வாங்கியது நல்லது என்பேன். ஆனால் கோர்ட் கேட்ட பிறகுதானே பின்வாங்கினார்கள்!

இப்போது அவர் ராஜஸ்தான் மாநில அமைச்சர். தகவல் தொழில்நுட்பமும் அவரிடம் இருக்கிறது. அரசுத் தேர்வில் காப்பி அடிப்பதைத் தடுக்க ஊருக்கே இணையத்தை நிறுத்திய மாநிலம் அது. 2018இல் பா.ஜ.க. ஆட்சியில் காவலர் தேர்வுக்கும், 2021இல் காங்கிரஸ் ஆட்சியில் ஆசிரியர் தேர்வுக்கும் நிறுத்தினார்கள். இதில் கட்சி வேறுபாடே கிடையாது. ஒரு வேடிக்கை என்னவென்றால், 2024ஆம் ஆண்டு விதிப்படி மாநிலத்தில் இணையத்தை நிறுத்தும் உத்தரவில் கையெழுத்துப் போடுவது உள்துறைச் செயலாளர். தகவல் தொழில்நுட்ப அமைச்சருக்கு அதில் வேலையில்லை.