பாண் அறையின் திறவுகோல்

கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் விற்பனைக்கு வரும் புதிய வீடுகளின் விளம்பரங்களில் 'பான்ட்ரி' என்னும் சொல் அடிக்கடி இடம்பெறுகின்றது. சுவரோடு பொருத்திய அலுமாரிகள் கொண்ட சமையலிடத்தையே நம்மவர் இச்சொல்லாற் குறிக்கின்றனர். ஆனால் ஆங்கிலேயர் மொழியில் அது சமையலறையைக் குறித்ததன்று. உணவுப் பொருள்களைச் சேமித்து வைக்கும் சிற்றறையையே குறித்தது. அதன் வேரைத் தேடிச் சென்றாற் சுவையானதோர் உறவு புலப்படும். இலத்தீன் மொழியிற் 'பானிஸ்' என்றால் பாண். அதனடியாகப் பிரெஞ்சு மொழியிற் பிறந்து ஆங்கிலத்தினுட் புகுந்தது 'பான்ட்ரி'. அதே இலத்தீன் சொல்லின் மற்றொரு வழித்தோன்றல் போர்த்துக்கேயரோடு கடல் கடந்து வந்து, நம் நாட்டுத் தமிழிற் 'பாண்' ஆயிற்று. ஆகவே, பான்ட்ரி என்பதை 'பாண் அறை' என்று நாம் மொழிபெயர்த்தால் அது வெறும் மொழிபெயர்ப்பன்று. பிரிந்த உறவினரைச் சேர்த்து வைத்தலுமாகும்.

இந்தப் பாண் அறையின் கதையை, அது நெடுங்காலம் வாழ்ந்த இங்கிலாந்தின் பண்ணை வீடுகளில் வைத்தே இங்கு நோக்க விரும்புகின்றோம். அவ்வீடுகள் பல இன்று பயிர் செய்வோர் கையில் இல்லை. நகரத்துச் செல்வர் அவற்றை வாங்கித் திருத்தியமைக்கின்றனர். சிலர் பாண் அறையின் சுவரை இடித்து அதனைச் சமையலறையோடு சேர்த்து விடுகின்றனர். வேறு சிலர் பழமையின் அழகை விரும்பி, அங்குள்ள கற்பலகையைத் தேய்த்துக் கழுவி, கூரை வளையில் தொங்கும் இரும்புக் கொக்கிகளுக்கு மெருகிட்டு, விருந்தினருக்குக் காட்டி மகிழ்கின்றனர். அந்தக் கற்பலகையில் இருந்த பாணை உண்டவர் யார்? கொக்கியில் தொங்கிய இறைச்சியில் எவருக்கு எவ்வளவு பங்கு கிடைத்தது? அறையின் திறவுகோல் யார் இடுப்பில் இருந்தது? மேசனும் தச்சனும் இக்கேள்விகளைக் கேட்க வேண்டியதில்லை. வரலாற்றைக் கற்பிக்கும் நாம் கேட்டேயாக வேண்டும்.

மத்திய காலத்துப் பெருவீடுகளின் நடுவே ஒரு கூடம் இருந்தது. அதன் ஒரு முனையில் வீட்டுத் தலைவனின் மேசை. மறு முனையில் இரண்டு சிற்றறைகள். ஒன்று பாண் அறை. மற்றது பியர் முதலிய குடிவகைகள் வைக்கப்பட்ட 'பட்டரி'. வெண்ணெயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு இது ஒலியால் ஒத்திருப்பினும், உண்மையிற் பீப்பாவைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தது. உப்பிட்ட பன்றியிறைச்சி வைக்கும் 'லார்டர்' என்ற அறையின் பெயரோ பன்றிக் கொழுப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பாண், பியர், பன்றி என்ற மூன்றும் அச்சமுதாயத்தின் உணவைத் தாங்கிய மூன்று தூண்கள் என்பதை இவ்வறைகளின் பெயர்களே அறிவிக்கின்றன.

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வமைப்பு சாதாரண விவசாயிகளின் வீடுகளிலும் உருப்பெற்றது. 1570 முதல் 1640 வரையான காலத்தில் இங்கிலாந்தின் கிராமப்புறங்கள் பெருமளவிற் புதிதாகக் கட்டப்பட்டன என்று வரலாற்றாசிரியர் ஹொஸ்கின்ஸ் 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் எடுத்துக்காட்டினார். தானிய விலை ஏறிக்கொண்டிருந்த அந்நாளிற் சொந்த நிலமுடைய விவசாயியிடம் பணம் சேர்ந்தது, பணம் வீடாயிற்று. 1577இல் இங்கிலாந்தைப் பற்றி நூலெழுதிய வில்லியம் ஹரிசன், தம் ஊர் முதியவர்கள் தம் வாழ்நாளிற் கண்ட பெரு மாற்றங்கள் மூன்றைக் குறிப்பிடுகின்றார். புகைபோக்கிகள் பெருகியமை, படுக்கை வசதி திருந்தியமை, மரத் தட்டுகள் போய் உலோகத் தட்டுகள் வந்தமை என்பன அவை.

இவ்வாறு வளர்ந்த பண்ணை வீட்டின் பாண் அறை அனுபவ அறிவின் விளைவாகும். வெயில் படாத வடபுறத்தில் அது அமைந்தது. சிறிய சாளரம், சுண்ணம் பூசிய சுவர், நிலத்தினும் தாழ்ந்த கற்றளம், தடித்த கற்பலகை ஆகிய அனைத்தும் குளிர்ச்சியைக் காக்கும் உபாயங்களே. குளிர்சாதனப் பெட்டி அறியாத உலகில் இவ்வறையே ஒரு குடும்பத்தின் மாரிகாலத்தைத் தீர்மானித்தது. ஐப்பசி கார்த்திகையிற் கொன்ற பன்றி, உப்பாகவும் புகையாகவும் மாறி அடுத்த கோடைவரை அங்கே தொங்கியது.

அரசாங்கத்தின் கண்ணும் இவ்வறைகளின் மீது படாமல் இல்லை. 1696 முதல் 1851 வரை இங்கிலாந்தில் வீட்டுச் சாளரங்களுக்கு வரி விதிக்கப்பட்டது. பால் அறைக்கும் பாலாடைக்கட்டி அறைக்கும் பின்னர் விலக்கு அளிக்கப்பட்டதால், விவசாயிகள் அவ்வறைகளின் பெயரை வாசல் நிலையில் எழுதி வைத்தனர். சில பழைய வீடுகளில் அவ்வெழுத்துகளை இன்றும் காணலாம்.

ஆனால் அறையைக் காட்டிலும் முக்கியமானது அதற்கு எதிரே கிடந்த நீண்ட ஓக் மரமேசை. அக்காலத்துப் பண்ணைத் தொழிலாளருட் பெரும்பகுதியினர் மணமாகாத இளைஞரும் பெண்களுமாவர். ஓராண்டுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு, எசமானின் கூரையின் கீழே உறங்கி, அவன் மேசையிலேயே உண்டனர். அறுவடை முடிந்தபின் கூடும் சந்தைகளில் ஆள் அமர்த்தும் வழக்கம் நிலவியது. பாண் அறையில் இருந்த உணவு கூலியின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது.

இதனைப் பொற்காலம் என்று மயங்குவோர் உளர். நாம் அவ்வாறு மயங்குதல் தகாது. ஒரே மேசையில் உண்டவர்கள் ஒரே நிலையினர் அல்லர். மேசையின் தலைப்பக்கத்தில் இருந்தவன் நிலத்துக்கு உரியவன். கடைசியில் இருந்தவன் தன் உழைப்பன்றி வேறெதற்கும் உரியவன் அல்லன். ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையைவிட்டு நீங்கியவனைச் சிறையிலிடச் சட்டம் இடமளித்தது. அச்சட்டங்கள் 1875 வரை முற்றாக ஒழியவில்லை. பெண்களின் நிலையோ இன்னும் கடினமானது. கேர்வாஸ் மார்க்கம் 1615இல் ஆங்கில இல்லத்தரசியைப் பற்றி எழுதிய நூல், மருந்து காய்ச்சல், பியர் வடித்தல், பாண் சுடுதல், பால் கடைதல், நூல் நூற்றல் என அவள் அறிந்திருக்க வேண்டிய தொழில்களை அடுக்கிச் செல்கின்றது. திறவுகோல் இல்லத்தரசியின் இடுப்பில் இருந்தது; தொட்டியிலே உப்புத் தேய்த்து விரல் வெடித்தவளோ ஆண்டுக் கூலிக்கு வந்த ஏழைப் பெண்.

எனினும், அந்த மேசைக்கு ஒரு தன்மை இருந்தது. பாணின் விலை ஏறினால் அந்தச் சுமை எசமானின் தலையில் விழுந்தது. அந்தச் சுமையைத் தொழிலாளியின் தலைக்கு மாற்றியமைத்ததே பண்ணை வீட்டிற்கு நேர்ந்த மிகப் பெரிய திருத்தமாகும். அதற்கு மேசனோ தச்சனோ தேவைப்படவில்லை.

1793இற் பிரான்சுடன் போர் மூண்டது. 1792இல் ஒரு குவாட்டர், அதாவது எட்டுப் புசல், கோதுமையின் சராசரி விலை 43 சிலிங். 1812இல் அது 126 சிலிங்கைத் தாண்டியது. இவ்விலையில் ஒருவனுக்கு வயிறார உணவளிப்பதைக் காட்டிலும் சில சிலிங்குகளைக் கையிற் கொடுத்து அனுப்பிவிடுவதே விவசாயிக்கு இலாபமாயிற்று. மேலும், ஓராண்டு முழுவதும் ஓரிடத்திற் பணியாற்றிய மணமாகாத தொழிலாளி அவ்வூரின் வறியோர் நிவாரணத்துக்கு உரித்துடையவனானான். அவ்வுரித்தைத் தவிர்க்கும்பொருட்டு ஓராண்டுக்குச் சில நாள் குறைவாகவே ஒப்பந்தம் செய்யும் தந்திரமும் பரவியது. ஆண்டுக் கூலி வாரக் கூலியாகவும், வாரக் கூலி நாட்கூலியாகவும் தேய்ந்தது. தென் இங்கிலாந்தின் தானியப் பகுதிகளிலேயே இம்மாற்றம் கடுமையாக நிகழ்ந்தது. ஆலைகள் தொழிலாளரைக் கவர்ந்த வடபகுதியிலோ எசமானின் வீட்டில் உண்டு உறங்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டுவரை நீடித்தது. உழைப்புக்குப் போட்டி இருந்த இடத்தில் மேசையும் நிலைத்தது. போட்டி இல்லாத இடத்தில் அது மறைந்தது. எசமானரின் நற்குணமோ தீக்குணமோ இதற்குக் காரணமன்று என்பதை இவ்வேறுபாடு தெளிவாக்குகின்றது.

இம்மாற்றத்தை நேரிற் கண்டு எழுதியவர் வில்லியம் கொபெற். 1825 ஒக்டோபரில், றைகேற் என்ற ஊருக்கு அருகே ஒரு பழைய பண்ணை வீட்டின் பொருள்கள் ஏலம் விடப்படுவதை அவர் பார்த்தார். பல தலைமுறைத் தொழிலாளர் உண்ட நீண்ட ஓக் மேசை தூசு படிந்து கிடந்தது. அதே வீட்டின் ஒரு முனையோ புதிதாகத் திருத்தப்பட்டு, கம்பளமும் மகோகனி மேசையும் கண்ணாடிக் கிண்ணங்களும் வேலையாளை அழைக்கும் மணிக்கயிறும் கொண்ட வரவேற்பறையாக மாறியிருந்தது. விவசாயிகள் ஏன் இப்போது தொழிலாளருக்கு உணவும் உறைவிடமும் அளிப்பதில்லை என்று வினவிய கொபெற், கூலியாகக் கொடுக்கும் அற்பத் தொகையைக்கொண்டு ஓர் ஆளுக்கு உணவளிக்க அவர்களாலேயே இயலாது என்பதே விடை என்றார். அந்த மேசை யாரேனும் ஒரு பங்குச்சந்தைத் தரகனின் தோட்டத்திலே செயற்கை ஓடையின் மேற் பாலமாகக் கிடக்கக்கூடும் என அஞ்சி, அதனைத் தமக்காக வாங்குமாறு நண்பர் ஒருவரை வேண்டிக்கொண்டார். உழைத்தவரின் மேசை செல்வரின் அலங்காரமாகும் கதை நம் காலத்திற் பிறந்ததன்று.

வீட்டுக்கு வெளியே தள்ளப்பட்ட தொழிலாளியின் குடிசையிற் பாண் அறை எவ்வாறு இருந்தது? முன்பு பொதுநிலத்தில் ஒரு பசுவை மேய்த்தவனுக்குப் பாலாவது கிடைத்தது. 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட சட்டங்களால் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் நிலத்தை வேலியிட்டது. வேலியோடு பசு போயிற்று. பசுவோடு பால் போயிற்று. பன்றி வளர்த்தாலும் அதனை உப்பிடுவது எளிதன்று. 1805 முதல் ஒரு புசல் உப்புக்குப் பதினைந்து சிலிங் வரி செலுத்த வேண்டியிருந்தது. 1825இலேதான் அவ்வரி நீங்கிற்று. எஞ்சியவை பாணும் தேநீருமே. ஏழைகள் தேநீர் அருந்துவது ஊதாரித்தனம் என்று கனவான்கள் கடிந்துரைத்தபோது, பார்க்கம் என்ற சிற்றூரின் மதகுருவான டேவிட் டேவிஸ் 1795இல் அவர்களுக்காக வாதாடினார். பாலுக்கும் பியருக்கும் வழியற்றவனின் கடைசிப் புகலிடமே தேநீர் என்று அவர் எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில் ஸ்பீனம்லாந்தில் நீதவான்கள் கூடி, பாணின் விலையேற்றத்துக்கு ஏற்ப வறியோருக்குப் படி வழங்கத் தீர்மானித்தனர். விளைவோ விபரீதமாயிற்று. ஊர் நிதி குறையை நிரப்பும் என்று கண்ட எசமானர் பலர் கூலியை உயர்த்தாமலே விட்டனர்.

பொறுமைக்கும் எல்லை உண்டு. மாரிகாலத்தில் எஞ்சியிருந்த சூடடிப்பு வேலையையும் இயந்திரங்கள் பறித்தபோது, 1830 ஓகஸ்டில் கென்ற் மாகாணத்திற் தொழிலாளர் ஓர் இயந்திரத்தை உடைத்தனர். 'கப்டன் சுவிங்' என்ற கற்பனைத் தலைவனின் பெயரில் மிரட்டற் கடிதங்கள் பறந்தன. தென் இங்கிலாந்து முழுவதும் கிளர்ச்சி பரவியது. எரிக் ஹொப்ஸ்போமும் ஜோர்ஜ் றூடேயும் 1969இல் வெளியிட்ட நூல் அக்கிளர்ச்சியை விரிவாக ஆராய்கின்றது. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏறத்தாழ ஐந்நூறு பேர் அவுஸ்திரேலியக் கரைகளுக்கு நாடுகடத்தப்பட்டனர். நான்கு ஆண்டுகளின் பின், வாரக் கூலி ஏழு சிலிங்கிலிருந்து ஆறாகக் குறைக்கப்படவிருந்த நிலையிற் சங்கம் அமைத்த டொல்பட்டில் கிராமத் தொழிலாளர் அறுவருக்கும் அதே தண்டனை கிடைத்தது. மேசையிலிருந்து நீக்கப்பட்டவர்கள் மீண்டும் மேசையைக் கேட்கவில்லை. கூலியைக் கேட்டனர், சங்கத்தை அமைத்தனர். இதுவே வரலாற்றின் முன்னோக்கிய அடி.

இக்கதைக்கு நம் நாட்டோடும் ஒரு தொடர்பு உண்டு. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் வர்த்தகத்துக்காகத் தேயிலை பயிரிட்டார். அந்நூற்றாண்டின் இறுதியில் இந்திய, இலங்கைத் தேயிலைகள் ஆங்கிலேயரின் அலுமாரிகளிலிருந்து சீனத் தேயிலையைப் பின்தள்ளின. ஓரிடத்தில் நிலமிழந்த தொழிலாளியின் பசியை மறைத்த அந்தப் பானம், இன்னோரிடத்தில் தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளியின் முதுகில் விளைந்தது. அத்தொழிலாளிக்கும் ஒரு களஞ்சியம் இருந்தது: தோட்டத்து அரிசிக் களஞ்சியம். அங்கிருந்து அளந்த அரிசியின் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் இருந்த இவ்விருவரும் ஒருவரையொருவர் அறியார். ஆனால் இருவருடைய உணவு அறையின் திறவுகோலும் பிறர் கையிலேயே இருந்தது.

பழைய பண்ணை வீடுகளைத் திருத்துதல் தவறன்று. குளிர்ந்த கற்பலகையை இடிக்காமற் காப்பது நல்லதே. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், பட்டியலிடப்பட்ட வீடுகளின் தன்மையை மாற்றுவதற்கு அங்கே அனுமதி பெறவேண்டும். கல்லைக் காக்கச் சட்டம் உண்டு. அக்கல்லின் மேல் உப்புத் தேய்த்த கைகளின் நினைவைக் காக்கும் பொறுப்போ எழுதுவோருக்கும் கற்பிப்போருக்கும் உரியது.

ஒரு காலத்தில் நம் பாடசாலைகளில் இங்கிலாந்தின் வரலாறு அரசர்களின் பட்டியலாகவே கற்பிக்கப்பட்டது. எட்டாம் ஹென்றியின் மனைவியர் அறுவரையும் வரிசை தவறாது ஒப்புவித்த மாணவர், அந்நாட்டு உழவன் என்ன உண்டான் என்பதை அறியவில்லை. இனியேனும் ஒரு வீட்டின் படத்தைக் காட்டும்போது, வாசலையும் வரவேற்பறையையும் காட்டுவதோடு நில்லாது, வடபுறத்துச் சிற்றறையையும் காட்டுவோமாக. கதவு எங்கே என்று மாணவர் கேட்கமாட்டார்கள். அது கண்ணுக்குத் தெரியும். திறவுகோல் யாரிடம் இருந்தது என்று கேட்க நாமே அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.