எழுத்துக்கூட்டலும் வர்க்கமும்: கல்முனைக் கரையோரத்தில் ஆங்கிலச் சொற்பயிற்சியின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

அந்நிய மொழியொன்றின் சொற்களைச் சிறுபிள்ளை எவ்வாறு கற்கின்றது என்னும் வினா உளவியலாளர்க்கும் ஆசிரிய பயிற்சியாளர்க்கும் உரியதென்றே நம்மிடையே பொதுவாகக் கொள்ளப்பட்டு வந்துள்ளது. எத்தனை சொல், எந்த வயதில், எந்த ஒழுங்கில் என்பனவே அங்கு கேட்கப்படும் கேள்விகள். ஆனால், எவருடைய பிள்ளை, எத்தேவை நோக்கி, எவர் செலவில் என்று கேட்கத் தொடங்கியவுடன் விடயம் சமூக வரலாற்றின் எல்லைக்குள் வந்துவிடுகின்றது. மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை ஊடாக அக்கரைப்பற்றுவரை நீளும் கரையோரத்தை எடுத்துக்கொண்டு, அவ்வினாவை இங்கு எழுப்ப முனைகின்றோம்.

ஆங்கிலம் வருமுன்னரே இக்கரைக்கு ஐரோப்பியச் சொற்கள் வந்துவிட்டன. இப்பகுதிப் பிள்ளை கதிரையில் இருந்து, மேசையில் பாணை வைத்து உண்டு, சப்பாத்தை அணிந்து, அலுமாரியைப் பூட்டிவிட்டுப் பாடசாலைக்குப் புறப்படும்போது போர்த்துக்கேயச் சொற்கள் ஐந்தைத் தன்னையறியாமலே கையாண்டுவிடுகின்றது. கந்தோரும் நொத்தாரிசும் ஒல்லாந்தர் விட்டுச்சென்றவை. இச்சொற்களை எவரும் பட்டியலிட்டுப் படிப்பிக்கவில்லை. இவற்றை எழுத்துக்கூட்டத் தெரியாதென்று எந்தப் பிள்ளையும் அடி வாங்கவில்லை. பொருள் வந்தது, சொல்லும் கூடவே வந்தது. தமிழின் ஒலியமைப்புக்கு இசைய அது உருமாறியது. வடசொல்லைத் தமிழாக்கும் விதியை வகுத்த தொல்காப்பியர் காலந்தொட்டு நிகழ்ந்துவரும் மொழிச்செயற்பாடு இது. ஆங்கிலச் சொல் மாத்திரமே பரீட்சைப் பொருளாக வந்தது என்பதை நாம் முதலில் மனங்கொள்ளல் வேண்டும்.

1814 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த வெஸ்லியன் மிஷனரிமாருள் ஒருவரான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் பள்ளி தொடங்கினார். கல்முனையில் வெஸ்லி உயர்தரப் பாடசாலை 1883 இல் தோன்றியது. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில் குடியேற்ற ஆட்சியின் கல்விக் கொள்கை உருப்பெற்றுவிட்டது. கோல்புறூக் ஆணைக்குழு 1830களின் தொடக்கத்தில் ஆங்கிலக் கல்வியை வற்புறுத்தியதன் நோக்கம் இரகசியமானதன்று. குறைந்த சம்பளத்திற்கு உள்நாட்டு எழுதுவினைஞர் தேவைப்பட்டனர். 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டதன் பின் நன்கொடை பெறும் பாடசாலைகளிற் பேறுகளுக்கேற்பப் பணம் வழங்கும் முறை புகுத்தப்பட்டது. இங்கிலாந்தில் 1862 இல் றொபேட் லோ கொண்டுவந்த விதிகளின் வழித்தோன்றல் இது. பரிசோதகர் வருவார், பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சோதிக்கப்படுவர், சித்தியெய்தும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாடசாலைக்கு ஒரு தொகை.

இதன் விளைவைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். பரிசோதகர் ஒரு நாளில் ஐயந்திரிபற அளந்து போகக்கூடியது எது? பிள்ளையின் சிந்தனையன்று, அது சொல்லை எங்கே, எவரிடம், எப்பொருளிற் பயன்படுத்தும் என்பதுமன்று. எழுத்துக்கூட்டல் சரியா பிழையா என்பதையே அவ்வாறு அளக்கலாம். எனவே சொல்வதெழுதுதல் வகுப்பறையின் மையத்திற்கு வந்தது. ஆசிரியனின் வருவாய் பிள்ளையின் எழுத்துப் பிழைகளின் எண்ணிக்கையோடு பிணைக்கப்பட்டது. பிரம்பு அங்கு தனிமனிதக் கொடூரத்தின் சின்னமன்று; கணக்கேட்டின் நீட்சியே அது. பேறுகளுக்கேற்பப் பணம் வழங்கும் முறை பின்னர் கைவிடப்பட்டது. ஆயினும் பத்துச் சொல்லைப் பாடமாக்கி வந்து மறுநாள் ஒப்புவிக்கும் வழக்கம் கைவிடப்படவில்லை. பொருளாதாரக் காரணம் மறைந்த பின்னரும் அது தோற்றுவித்த பழக்கம் நீடிப்பதற்கு இதனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆங்கில எழுத்துக்கூட்டலின் முரண்களுக்கும் வரலாறு உண்டு. கக்ஸ்ரன் 1476 இல் வெஸ்ட்மின்ஸ்ரரில் அச்சகம் நிறுவியபோது ஆங்கில உயிரொலிகள் பெருமாற்றத்திற்கு உள்ளாகிக்கொண்டிருந்தன. அச்சு வரிவடிவத்தை உறையச் செய்தது; வாய் தன்வழியே சென்றது. இரவைக் குறிக்கும் 'நைற்' என்னும் சொல்லில் இன்று ஒலியாது நிற்கும் எழுத்துகள் ஒருகாலத்தில் ஒலித்தவையே. வேறு சில எழுத்துகள் எக்காலத்திலும் ஒலித்தவையல்ல. கடனைக் குறிக்கும் 'டெற்' என்னும் சொல்லின் 'பி' அத்தகையது. அச்சொல்லின் இலத்தீன் மூலத்தை நினைவூட்டுவதற்காகப் பண்டிதர்கள் அதனை இடையிற் செருகினர். போடியாரிடம் பட்ட கடனுக்காக விளைச்சலிற் பெரும்பங்கைக் களத்திலேயே அளந்து கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் வயற்காரனின் மகன், அந்த 'பி'யை விட்டு எழுதியமைக்காகத் தண்டிக்கப்பட்டிருப்பான் எனின் அந்த நகைமுரணை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அவ்வயற்காரனின் மகன் பெரும்பாலும் அவ்வகுப்பறைக்குச் சென்றவனல்லன். மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியாக இருந்த இப்பிரதேசத்தில் நிலம் தமிழ், முஸ்லிம் போடியார்களின் கையில் இருந்தது. முல்லைக்காரன் மேற்பார்த்தான், வயற்காரன் உழுதான். ஆங்கிலப் பாடசாலைக்குக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. தாய்மொழிப் பாடசாலைக்கு அன்று. மட்டக்களப்பிலோ கொழும்பிலோ விடுதியில் விட்டு மகனைப் படிப்பிக்கும் வசதி எவருக்கு இருந்தது என்பது வெளிப்படை.

முஸ்லிம்கள் ஆங்கிலக் கல்வியைப் புறக்கணித்ததற்கு மதமாற்ற அச்சமே காரணம் என்று வழக்கமாகக் கூறப்படும். அவ்வச்சம் இருந்தது உண்மை. அறிஞர் எம். சி. சித்தி லெப்பை 1882 இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை வழியாக அதனோடு போராடினார். 1892 இல் கொழும்பு மருதானையில் உருவாகிப் பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலையின் பின்னணியிலும் அவரது முயற்சி உண்டு. எனினும் நெல்லும் சிறுவணிகமும் மீனும் நெசவுமே வாழ்வாதாரமாக இருந்த கிழக்குக் கரையில் ஆங்கிலச் சொல்லுக்குச் சந்தை இருக்கவில்லை என்பதையும் சேர்த்துக் காணாதவிடத்து அவ்விளக்கம் அரைகுறையாகவே அமையும். மதம் அச்சத்திற்கு மொழி கொடுத்தது. அச்சத்தை நீண்டகாலம் தாங்கிநின்றது உற்பத்தி முறையே.

இவ்விடத்தில் ஆய்வாளர் அதிகம் கவனியாத ஒன்றைச் சுட்ட விரும்புகின்றோம். இக்கரையின் முஸ்லிம் பிள்ளை ஆங்கில வகுப்புக்கு வெறுந்தரையாக வரவில்லை. ஓதற்பள்ளியில் லெப்பையிடம் அறபு எழுத்துகளைக் கூட்டி வாசிக்கப் பழகிய பிள்ளை அது. குர்ஆன் எழுத்து உயிர்க்குறிகள் இடப்பெற்றது, எழுதியபடி வாசிக்கலாம். தமிழெழுத்தும் பெருமளவு அத்தகையதே. ஆக, இரு வரிவடிவங்களில் எழுத்துக்கும் ஒலிக்கும் இடையிலான ஒப்பந்தத்தை நம்பப் பழகிய பிள்ளை, மூன்றாவது வரிவடிவில் அவ்வொப்பந்தம் மீறப்படுவதைக் காண்கின்றது. அதன் 'பிழைகள்' பலவும் மந்தபுத்தியின் விளைவல்ல; அவை நேர்மையான வாசிப்பின் விளைவுகள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தமிழில் ஒரே பகரம் இடத்திற்கேற்ப இருவகையாக ஒலிக்கும். எனவே ஆங்கிலத்தின் வல்லொலியையும் மெல்லோசையையும் வேறுபடுத்தி எழுதுவது தமிழ்ப் பிள்ளைக்குக் கடினம். அறபிலோ நம் பகரத்தின் வல்லொலி இல்லை, அதன் மெல்லோசை உண்டு. 'ஃபாத்திஹா'வின் முதலொலியும், 'ஸகாத்'தின் முதலொலியும், 'ஷரீஅத்'தின் முதலொலியும் ஓதற்பள்ளிப் பிள்ளைக்குப் பழக்கமானவை. தமிழும் அறபும் சேர்ந்து ஆங்கில ஒலிகளிற் கணிசமானவற்றை அப்பிள்ளையின் நாவில் முன்னரே வைத்துவிட்டிருந்தன. (நாட்டார் ஓதலில் இவ்வொலிகள் தமிழ்ப்பட்டுப் போவதும் உண்டு, மிகைப்படுத்தல் ஆகாது.) மேலும், அறபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்துப் புதிய எழுத்துகளைச் சமைத்து அறபுத்தமிழ் என்னும் எழுத்து மரபையே உருவாக்கிய சமூகம் இது. ஒலிக்கும் வரிவடிவுக்கும் உள்ள உறவுபற்றி அது பெற்றிருந்த நடைமுறை அறிவை மிஷன் பாடசாலையும் அரசாங்கப் பாடசாலையும் ஒருபோதும் பயன்படுத்தவில்லை. காலையில் ஓதற்பள்ளி, பின்னர் பாடசாலை என்று ஒரே பிள்ளை நடந்துசென்ற இரு கட்டடங்களுக்கிடையே அறிவுப் போக்குவரத்து இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சொற்பயிற்சி 'விஞ்ஞான' உருப்பெறுகின்றது. அமெரிக்காவில் தோண்டைக் 1921 இல் அதிகம் வழங்கும் பத்தாயிரம் சொற்களை எண்ணிப் பட்டியலிட்டார். வங்காளத்தில் கல்வி அதிகாரியாயிருந்த மைக்கேல் வெஸ்ற், பாடசாலையைப் பெரும்பாலான பிள்ளைகள் இடையிலேயே விட்டுவிடுகின்றனர் என்பதைக் கண்டு, அவ்வாறு விலகும் பிள்ளை எதைக் கையோடு கொண்டுபோகும் என்று 1926 இல் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அதனைக் குறிக்க அவர் எடுத்தாண்டது காப்புறுதிக் கம்பனிகளின் கலைச்சொல்: பத்திரத்தை இடைநடுவிற் கைவிடுவோனுக்குத் திரும்பக் கிடைக்கும் தொகையின் பெயர். பிள்ளை ஏன் விலகுகின்றது என்பது அவரது ஆய்வின் மையத்திற்கு வரவில்லை. ஒக்டன் 1930 இல் வகுத்த 850 சொற்களாலான 'பேசிக்' ஆங்கிலத்தின் பெயரே பிரித்தானிய, அமெரிக்க, விஞ்ஞான, சர்வதேச, வணிக என்னும் ஐந்து சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை. இதற்கு மேல் விமரிசனம் வேண்டுமோ? எனினும் வெஸ்ற் 1953 இல் வெளியிட்ட ஏறத்தாழ இரண்டாயிரம் சொற்களின் பட்டியலை முற்றாக ஒதுக்கிவிடலும் முடியாது. பயன் மிகுந்த சொல்லை முதலிற் கற்பித்தல் ஏழைப் பிள்ளையின் நேரத்தை மதிப்பதாகும். யாருடைய எழுத்துகளில் எண்ணப்பட்ட பயன் என்பதே நமது கேள்வி.

1942 இல் பர்மா வீழ்ந்து அரிசி வரவு தடைப்பட்டபோது, உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டுக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார் ஏ. எம். ஏ. அஸீஸ். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்து, இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். நெல்லுக்காக வந்தவர் கல்வியின் வறுமையைக் கண்டார். கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கத்தை அவ்வாண்டிலேயே தோற்றுவித்தார். 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கு அடிகோலினார். அதே 1945 இல் கன்னங்கரவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தமை தற்செயலன்று. யுத்தமும் சர்வசன வாக்குரிமையும் சேர்ந்து ஆங்கிலப் பாடசாலையின் கட்டணக் கதவைத் தள்ளின. 1949 இல் கல்முனையில் ஸாஹிராக் கல்லூரி தோன்றியது.

கல்முனைக்கு அயலான காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் கல்முனை மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்றவர். 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்கு அவர் தலைமை தாங்கினார். ஆங்கிலச் சொல்லைக் கற்றவன் அதைத் தன் மக்கள் மொழிக்கு எவ்வாறு கொண்டுவருவது என்னும் வினாவை எழுப்பியவர் இக்கரையிற் பிறந்த ஒருவரே என்பதை இன்றைய சொற்பட்டியல் ஆசிரியர்கள் நினைவிற் கொள்வதில்லை.

தாய்மொழி மூலக் கல்வி ஒரு சனநாயக வெற்றி. அதனைப் பின்னோக்கிக் குறைகூறுவோரோடு நமக்கு உடன்பாடில்லை. தவறு வேறிடத்தில் உள்ளது. ஆங்கிலம் எல்லோருக்கும் இரண்டாம் மொழி என்று ஏட்டில் எழுதப்பட்டது. கிழக்கின் கிராமப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் அனுப்பப்படவில்லை. நகரத்து உயர்வர்க்க வீடுகளில் ஆங்கிலம் உணவு மேசையிலேயே பரிமாறப்பட்டது. தென்னிலங்கை இளைஞர் ஆங்கிலத்திற்கு 'கடுவ', அதாவது வாள், என்று பெயரிட்டனர். வெட்டி வீழ்த்தும் கருவியை வெட்டுப்பட்டவன்தான் சரியாக இனங்காண்பான். 1990களின் இறுதியில் வந்த சீர்திருத்தத்தில் முதலாம் ஆண்டிலிருந்தே செயற்பாடுவழி வாய்மொழி ஆங்கிலம் புகுத்தப்பட்டது. எழுத்துக்கூட்டலுக்கு முன் பேச்சு என்னும் இவ்வொழுங்கு முற்போக்கானதே. 2001 முதல் உயர்தர விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் கற்பிக்க அனுமதி கிடைத்தபோதோ, அதனைச் செயற்படுத்தும் ஆள்வசதி மீண்டும் பெரிய நகர்ப் பாடசாலைகளிடமே இருந்தது.

ஒலுவிலில் இப்பிரச்சினை கண்ணெதிரே நிற்கின்றது. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறுவருடம் பல்கலைக்கழகமாகிய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில், பாடசாலையில் தமிழில் இயற்பியலும் இரசாயனமும் பயின்ற மாணவன் முதல் விரிவுரையிலேயே அவற்றை ஆங்கிலத்தில் எதிர்கொள்கின்றான். கருத்து அவனிடம் உண்டு. அதன் பெயர் இல்லை. பத்தொன்பது வயதில் அவன் மீண்டும் சொற்பட்டியலும் எழுத்துக்கூட்டலுமாகக் குழந்தையாக்கப்படுகின்றான்.

பல்கலைக்கழகத்திற்குக் கூப்பிடு தூரத்தில் துறைமுகம். 2008 இல் டென்மார்க் கடனுதவியோடு வேலை தொடங்கி 2013 செப்ரெம்பரிற் திறக்கப்பட்ட அது, எதிர்பார்த்த வணிகக் கப்பல்களைக் காணவில்லை. வாயில் மணல் அடைத்தது. அலைதாங்கிகளுக்கு வடக்கே கடல் கரையை அரித்தது. தென்னந்தோட்டங்களும் கரைவலை இழுத்த இடங்களும் போயின. இத்தகைய திட்டங்களின் ஒப்பந்தங்களும் பொறியியல் அறிக்கைகளும் ஆங்கிலத்தில் எழுதப்படுவதே வழமை. கரைவலை, வள்ளம், வாடைக்காற்று, நீரோட்டம் என மணலின் போக்கைக் கூறும் சொற்கள் மீனவனிடம் தலைமுறைகளாக இருந்தன. அச்சொற்கள் அவ்வறிக்கைகளின் மொழிக்குள் நுழையும் வாயில் இருக்கவில்லை. அறிக்கையின் சொற்களும் அவனது கரைக்கு வந்து சேரவில்லை.

ஒலுவில் பாடசாலையொன்றின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் முதலிற் கற்பிக்கவேண்டிய நூறு சொற்கள் எவை என்று நம்மைக் கேட்பின், ஆப்பிளும் பனிமனிதனும் சற்றுப் பொறுக்கட்டும் என்போம். மணல், அலை, வலை, படகு, கல், கரை, கடன், காணி, நட்டஈடு என்பனவற்றிலிருந்து தொடங்கலாம். கடனுக்கு வரும்போது அந்த ஒலியாத 'பி' எவ்வாறு வந்தது என்னும் கதையையும் பிள்ளைக்குச் சொல்லலாம். கதையோடு கற்ற எழுத்தைப் பிள்ளை எளிதில் விடுவதில்லை.