முகவரிப் பங்கீட்டின் வரலாறு

மண்கும்பானில் ஒரு வீட்டுக் கைத்தொலைபேசி 192.168.1.10 என்னும் இணைய முகவரியைப் பெறக்கூடும். கொழும்பிலும் இலண்டனிலும் எண்ணற்ற வீடுகளில் அதே முகவரி வழங்குகின்றது. எனினும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. இவ்விந்தை பற்றாக்குறையிற் பிறந்தது.

1981இல் வரையறுக்கப்பெற்ற முகவரி 32 பிற்று நீளமுடையது. மொத்தம் ஏறத்தாழ 430 கோடி. அவற்றை வகுத்த முறையே விரயத்துக்கு வித்திட்டது. சிறு வகுப்பில் 254 கருவிகள், அடுத்ததில் 65,534. முந்நூறு கணினிகள் உடையவர் பெரியதையே வேண்டினர். எஞ்சியவை தரிசாய்க் கிடந்தன. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகமோ ஒரு கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகளை வைத்திருந்தது!

1985இல் ஜெஃப்ரி மொகுல், ஜோன் பொஸ்ரல் ஆகியோர் எழுதிய விதி, பெற்ற தொகுதியை உள்ளேயே கூறுபடுத்த வழிவகுத்தது. 'சப்நெற் மாஸ்க்' என்னும் எண்ணே அதன் எல்லைக்கல். மேற்கூறிய வீட்டில் அது 255.255.255.0 எனின், 254 கருவிகளும் ஒரே வளவினுள் அடங்கும். 255.255.255.128 என மாற்றின் வளவு இரண்டாகும், ஒவ்வொன்றிலும் 126. அப்போது 10ஆம் எண் தொலைபேசி 200ஆம் எண் அச்சுப்பொறியை நேரே அணுக இயலாது. இடையே வழிப்படுத்தி வேண்டும். கல்லைப் பிழையாக நட்டவர் அச்சுப்பொறியையே நோவர்.

1993இல் வகுப்புமுறை கைவிடப்பெற்றது. 192.168 எனத் தொடங்குவன உள்வீட்டுப் பயனுக்கென ஒதுக்கப்பெற்றமை 1996இல் உறுதியாயிற்று; வெளியுலகுக்கு வழிப்படுத்தி தன் ஒரு முகவரியையே காட்டும். ஆயினும் 2011 பெப்ரவரியில் மத்திய களஞ்சியம் வெறுமையாயிற்று. இலங்கை அடங்கிய ஆசிய பசிபிக் வட்டாரத்தில், அவ்வாண்டு ஏப்பிரல் நடுப்பகுதி முதல், நிறுவனம் ஒன்றுக்கு 1,024 முகவரிகளே உச்ச எல்லையாக விதிக்கப்பட்டன.