ஊரே அலகு: எண்ணூர்–மணலியில் கூட்டுச் சூழல் நல அபாயத்தை மதிப்பிடுதல்

எண்ணூர் முகத்துவாரத்தில் இறால் பிடிப்பவர் நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவுகிறார். கொசஸ்தலை ஆற்றின் அந்தச் சேற்றில், அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்த நிலக்கரிச் சாம்பல் பல்லாண்டுகளாகப் படிந்திருக்கிறது. அவர் இழுக்கும் மூச்சில் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலைகள், வல்லூர், அத்திப்பட்டு மின்நிலையங்கள் எல்லாவற்றின் புகையும் கலந்துள்ளது. குழம்பில் கொதிப்பதும் அதே ஆற்று மீன்தான். தோல், மூச்சு, உணவு என மூன்று வழியாக ஓர் உடலில் சேரும் இந்தச் சுமையை நம் ஒப்புதல் நடைமுறை ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பதில்லை. மதிப்பீட்டின் அலகு ஆலையாக இருக்கும்வரை இக்குறை தீராது. அலகு ஊராக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இப்படிக் கூட்டிப் பார்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்வதற்கில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் முதற்படிவமே, அருகிலுள்ள பிற திட்டங்களோடு சேர்ந்து எழும் விளைவைப் பற்றிக் கேட்கிறது. நடைமுறையோ வேறு. ஏற்கெனவே மாசுபட்ட காற்று ‘அடிநிலை’ ஆகிறது. அதன்மேல் புதிய ஆலையின் பங்கு கூட்டப்படுகிறது. ஒவ்வொரு மாசும் தனித்தனியே தன் வரம்போடு ஒப்பிடப்படுகிறது. நுரையீரலைத் தாக்கும் நான்கு மாசுகள் தத்தம் பாதுகாப்பு அளவில் 0.4 பங்கு இருப்பதாகக் கொள்வோம். தனித்தனியே நான்கும் தேறிவிடும். கூட்டினால் அபாயக் குறியீடு 1.6, ஒன்றைத் தாண்டினாலே அது எச்சரிக்கை.

கூட்டலோடும் இது முடிவதில்லை. நிலக்கரிப் புகையின் கந்தக டை ஆக்சைடு காற்றில் கந்தக அமிலமாகி, அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் சல்பேட் நுண்துகளாகிறது. 2.5 மைக்ரானுக்கும் சிறிய இத்துகள் நுரையீரலின் ஆழம்வரை செல்லும். இது எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேராக வெளிவந்ததன்று. ஆகவே புகைபோக்கியின் வாயில் வைத்து அளக்கும் எந்தக் கருவியும் இதைக் காட்டாது. ஊர்க்காற்றில்தான் அளக்க முடியும்.

அடிநிலைக்கான அளவீடு பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில் எடுக்கப்படுகிறது. எண்ணூரைப் பொறுத்தவரை இது பெரும் பிழை. மழைக்காலமான 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், முகத்துவாரத்து வீட்டுச் சுவர்களிலும் படகுகளிலும் வலைகளிலும் அப்பியது. அந்தக் கறை போகுமுன்பே, டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் வீடுகளைவிட்டு ஓடினர். இரண்டும் இருவேறு விபத்துகளாக விசாரிக்கப்பட்டன. தொழில் முடங்கி, கையில் காசின்றி, மூச்சுத்திணறலோடு இருந்த குடும்பங்களுக்கு அவை ஒரே மாதத்தின் துயரம்.

கூட்டிப் பார்க்கும் முயற்சி நம்மிடம் இல்லாமலில்லை. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட ஒருங்கிணைந்த மாசுக் குறியீடு காற்று, நீர், நிலம் மூன்றையும் சேர்த்தே கணக்கிட்டது; மணலி 76.32 பெற்று, 70ஐத் தாண்டிய ‘மிகக் கடும் மாசுப் பகுதி’களில் இடம்பெற்றது. ஆனால் அம்மதிப்பெண் தொழிற்பேட்டைக்கு உரியது. எண்ணூரின் காட்டுக்குப்பத்துக்கும் செப்பாக்கத்துக்கும் தனித்தனியே என்ன நிலை என்பதை அது சொல்லாது. கலிஃபோர்னியா 2013 முதல் கையாளும் முறையில், சிறு வட்டாரம் ஒவ்வொன்றின் மாசுச் சுமையும் அங்குள்ள ஆஸ்துமா, குறைஎடைப் பிறப்பு, வறுமை போன்றவையும் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. நலிந்த உடலில் அதே மாசு கூடுதலாகத் தாக்கும் என்ற உண்மை கணக்குக்குள்ளேயே வந்துவிடுகிறது. நாம் கற்க வேண்டியது இதைத்தான்.

எந்த நோய்க்கு எந்த ஆலை காரணம் என்று நிறுவ முடியாதே என்பது வழக்கமான மறுப்பு. இழப்பீட்டு வழக்கில் அக்கேள்வி பொருந்தும். இன்னுமோர் ஆலையை இவ்வூர் தாங்குமா என்று முடிவெடுக்க அது தேவையில்லை. மொத்தச் சுமை தெரிந்தால் போதும்.

எண்ணூரின் பழைய 450 மெகாவாட் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அவ்விடத்தில் 660 மெகாவாட் விரிவாக்கம் திட்டமிடப்பட்டுள்ளது. அதைப் பற்றி எந்த முடிவும் எடுப்பதற்கு முன், சுற்றியுள்ள குப்பங்கள் ஒவ்வொன்றிலும் மழைக்காலம் உட்பட ஓராண்டு முழுவதும் காற்றையும் சேற்றையும் மீனையும் அளந்து, மக்களின் உடல்நிலையோடு சேர்த்து அரசு வெளியிட வேண்டும்.