சேர்வராயன் மலையின் மௌனம்: சோலைப்பறவை ஏன் கிழக்கே வரவில்லை?

தர்மபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியிலிருந்து நீலகிரி வரை பாலக்காட்டுக் கணவாயைப் போல அகன்ற இடைவெளி எதுவும் இல்லை. மேலகிரி, பர்கூர், சத்தியமங்கலம் என்று மலைகள் தொடர்ந்து நிற்கின்றன. குறுக்கே அறுத்துச் செல்வனவற்றில் பெரியவை காவிரியும் மாயாறும். இருந்தும் நீலகிரிச் சோலைகளில் பாடும் சோலைப்பறவையான சோலிகோலா மேஜர் தர்மபுரிப் பக்கத்து மலைகளில் இல்லை. கணவாய்களின் அகலமே இப்பறவைகளைப் பிரித்தது என்று சொல்லிவரும் ஆய்வு மரபு, இந்த இன்மையை ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம்.

இதற்கான பழைய ஆவணம் 1929-இல் தொடங்கிய வெர்னே கிழக்குத் தொடர்ச்சி மலை ஆய்வு. லா பெர்சோன் சேகரித்த பறவைகளை விஸ்லரும் கின்னியரும் 1930-களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வரிசைப்படுத்தினர். அன்றைய சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையும், 1965-க்குப் பின் தர்மபுரியோடு சேர்ந்த சித்தேரி மலையும் அதில் அடங்கும். பட்டியலில் இப்பறவை இல்லை. புதருக்கடியில் தத்தித் திரிந்து, வெளிச்சம் மங்கும் வேளையில் பாடும் பறவை துப்பாக்கிக்காரர் கண்ணுக்குத் தப்பியிருக்கும் என்று இந்த மௌனத்தைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் ஜெர்டன் 1840-களில் நீலகிரிப் பறவையை விவரித்ததும், பிளான்ஃபோர்ட் 1860-களில் பழனிமலைப் பறவையை விவரித்ததும் இதே போலச் சுட்டெடுத்த தோல்களைக் கொண்டுதான். ஒளிந்து வாழும் குணம் அங்கே தடையாகவில்லை.

சித்தேரியின் மௌனத்துக்கு எடை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்பறவை பெரும்பாலும் 1,200 மீட்டருக்கு மேல் வாழ்வது; சித்தேரியில் சேகரிப்பு நடந்த உயரம் அதற்கு எட்டாது. சேர்வராயன் அப்படியல்ல. ஏற்காடே 1,500 மீட்டர் அளவில் இருக்கிறது. வெர்னே குழுவுக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாகப் பறவை பார்ப்பவர்கள் போய்வரும் இடம் அது. 1820-களில் காக்பர்ன் கொண்டுவந்த காப்பி பறவையை முன்பே அழித்திருக்கலாம் என்பார்கள். தேயிலையும் யூகலிப்டஸும் சூழ்ந்த நீலகிரியில் துண்டு துண்டான சோலைகளில் அது தாக்குப்பிடித்திருக்கும்போது, இந்த வாதத்தில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை.

மரபணுச் சான்றும் அகலத்துக்குத் துணை வரவில்லை. 2017-இல் வி. வி. ராபின் குழுவினர் இப்பறவைகளுக்குத் தனிப் பேரினமே வகுத்தனர். சோலை என்ற நம் சொல் அதன் பெயரிலேயே இருக்கிறது. பாலக்காட்டுக்கு வடக்கே மேஜர், தெற்கே அல்பிவென்ட்ரிஸ், செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே அஷம்புவென்சிஸ். செங்கோட்டைக் கணவாய் பாலக்காட்டைவிட மிகக் குறுகியது. ஆனாலும் அதன் இருபுறமும் வெவ்வேறு இனங்கள். அதே ஆய்வில் வரும் சிரிப்பான்களைப் பாருங்கள்: பாலக்காட்டுக்கு வடக்கேயே நீலகிரியில் ஓரினம், பாணாசுர மலையில் வேறோர் இனம், சோலைப்பறவையோ அந்த வடபகுதி முழுவதிலும் ஒரே இனம். பாலக்காட்டுக் கணவாய் இந்தப் பறவைகளைவிட மூத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருபுறமும் உறவினர் இருப்பதால், மூதாதை என்றோ ஒருநாள் அதைக் கடந்தே இருக்கிறது.

எப்போது கடந்திருக்கும்? குளிர் மிகுந்த பனியுகத்தில் சோலைகள் கீழிறங்கிக் கைகோத்தன என்பது வழக்கமான விடை. சுகுமாரும் உடனாய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட நீலகிரிச் சதுப்புக் கரிமச் சான்று இதற்கு இடம் கொடுக்கவில்லை: கடைசிப் பனியுக உச்சம் வறண்டது, அப்போது மேலோங்கியது புல். ஆகவே குளிர் மட்டும் வழி திறந்துவிடாது, ஈரம் வேண்டும். மழையளவைச் சொல்லவில்லை. ஊட்டியின் ஆண்டு மழை ஏற்காட்டை விடக் குறைவுதான். கோடை நடுவிலும் தரை காயாமல் வைத்திருக்கும் பனிமூட்டத்தையும் குளிர்ச்சியையும் சொல்கிறேன். முடிவாகச் சொல்ல இன்னும் அளவீடுகள் தேவை என்றாலும், பறவையைத் தடுத்தது அகலமல்ல, ஈரமின்மை என்ற பக்கமே சான்றுகள் சாய்கின்றன.

மார்ச் மாதக் காலையில் தர்மபுரிப் பக்கத்து வத்தல்மலை மரங்களுக்கடியில் நடந்தால் சருகு அப்பளம்போல் நொறுங்கும். அதே மாதத்தில் நீலகிரிச் சோலைக்குள் மேல்சருகை விலக்கினால் அடியில் இருப்பது கையில் ஒட்டும், புழு நெளியும். சோலைப்பறவை தத்தித் தத்தி இரை பொறுக்குவது அந்த ஈரத்தில்தான்.